சிறுமரம் கட்டுவோம்!

(செஞ்சியில் நடைபெற்ற தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்துரு)



இராசகிரி மலையின் அடியில் நின்றுகொண்டு இவன் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மலைக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. செஞ்சி நாயக்கர் காலத்தில் தேவனாம்பட்டினக் கரை இக்கோட்டையின் ஆட்சிக்குள் இருந்தது. இன்றும் செஞ்சியும் மரக்காணமும் ஒரே விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். அந்த மரக்காணத்தையே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுவர். ஆகவே கடல் நமக்கு அயலன்று. நாம்தாம் அதற்கு அயலாராகிவிட்டோம்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கின்றேன். என் தங்கை மகன் பெட்டியொன்றைக் கொண்டுவந்தான். உள்ளே அறுத்துச் சீவிய மரத்துண்டுகள், நூற்கயிறு, பாய்த்துணி, விளக்கத்தாள். எல்லாவற்றையும் பொருத்தினால் ஐரோப்பியப் பாய்க்கப்பல் ஒன்றின் சிற்றுரு கிடைக்கும். பத்து நாள் உழைத்தான், முடித்தான். ஒவ்வொரு கயிற்றையும் தொட்டு அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னான். எனக்கு மகிழ்ச்சியே. பிறகு கேட்டான்: “மாமா, நம் கட்டுமரத்தில் இவற்றுக்கெல்லாம் என்ன பெயர்?”

நான் வாயடைத்துப் போனேன்.

மேடைதோறும் தமிழ் முழங்குகின்றவன் நான். ஆயினும் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே அகரமுதலிகளைப் புரட்டினேன். கிடைக்காதவற்றுக்கு நானே சொல் புனைந்து ஒரு பட்டியல் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு மரக்காணக் கரைக்குப் போனேன். அங்கே வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பெருமையோடு படித்துக் காட்டினேன். அவர் நகைத்தார், ஆனால் இகழ்ந்து நகைக்கவில்லை. “தம்பி, இதற்கெல்லாம் பேர் இருக்கிறதே!” என்றார். முன்புறம் அணியம், பின்புறம் கடையால், பாயைத் தாங்கும் நீள்கழி பருமல் என்று விரல்மடக்கி எண்ணத் தொடங்கினார். என் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தோழர்களே! தமிழைக் காப்பதாகச் சொல்லும் நாம் மேசைமுன் அமர்ந்து சொல் புனைகின்றோம். புனைய வேண்டிய இடமும் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் உயிரோடிருக்கும் சொல்லைத் தேடிப் போகாமல் புதுச்சொல் ஆக்குவது, பால் சுரக்கும் ஆவைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் பாலுக்குக் கடைக்குப் போவதை ஒக்கும். கடலோர மக்களைப் படிக்காதவர் என்று ஒதுக்கியதால், அவர்கள் காத்த தமிழையும் சேர்த்தே ஒதுக்கினோம்.

நாம் ஒதுக்கியதை அயலார் ஒதுக்கவில்லை. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் செலவு நூலிலேயே கட்டுமரம் என்னும் நம் சொல்லைத் தம் ஒலிப்பில் எழுதினார். பிரஞ்சுக் கடற்படையைச் சார்ந்த எட்மண்டு பாரிசு, நம் கரைக் கலங்களை அளவெடுத்து வரைந்து 1840-களில் பெருநூலாக வெளியிட்டார். பின்னர்ப் பாரிசு நகரின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குத் தலைவராகி, உலகக் கலங்கள் பலவற்றுக்குச் சிற்றுரு செய்வித்து வைத்தார். சென்னை மீன்வளத் துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய ஆய்வை 1920-இல் வெளியிட்டார்.

ஆனால் சொல்லைக் கொண்டுபோனவர்கள் பொருளை மாற்றிவிட்டனர். இன்று அவர்கள் அச்சொல்லால் குறிப்பது, இரண்டு உடலைக் குறுக்கே இணைத்த படகை. நம்முடையதோ அதுவன்று. எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, நடுமரம் தாழவும் ஓரமரங்கள் சற்றே உயரவும் அணைத்துக் கயிற்றால் பிணைப்பது. அலை மேலே ஏறினால் நீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆகலின் நீர் நிரம்பி அமிழ்வதில்லை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தலாம். ஆணியில்லை, அடித்தட்டு இல்லை. கட்டே அதன் உயிர்!

அந்தக் கட்டு அவிழ்ந்துகொண்டிருக்கின்றது. ஏற்ற மரம் அரிதாயிற்று; விலை ஏறிற்று; பொறிகள் வந்தன. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்தபின், உதவியாகக் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தன. மீனவர் அவற்றை ஏற்றதைக் குறை கூறேன். வயிறும் உயிரும் அவர்களுடையவை. ஆனால் பாய் போனால் பருமல் என்னும் சொல்லுக்கு என்ன வேலை? பொருள் மறைந்த மறுதலைமுறையில் சொல்லும் மறையும்.

ஆகவே ஒன்று சொல்வேன். பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூவுருளைச் சிறுதேர் வருகின்றது. பிள்ளைத்தமிழிலும் சிறுதேர்ப் பருவம் உண்டு. பெரியதைச் சிறியதாக்கிப் பிள்ளையின் கையில் கொடுப்பது நம் பழைய வழக்கம். மீனவர் கட்டுமரத்தை ‘மரம்’ என்றே அழைப்பர். நாம் சிறுமரம் செய்வோம்! இரண்டடிக்கு ஓரங்குலம் என்று கொண்டால், 24 அடி மரம் ஓரடியாகும். செதுக்கிய துண்டுகள், கயிறு, பாய்த்துணி, உறுப்புதோறும் கரையோரப் பெயர் எழுதிய தாள், இவற்றைப் பேழையில் இட்டுப் பள்ளிதோறும் கொடுப்போம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பசை கூடாது. ஒட்டினால் அது ஒட்டுமரம், கட்டினால்தான் கட்டுமரம்! முடிச்சைக் கற்பிக்க மீனவரையே ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் கொடுக்க வேண்டும்.

2025 சூலையில் இச்செஞ்சிக் கோட்டை உலகப் பேரிடப் பட்டியலில் ஏறியது. இனி அயலார் பலர் வருவர். அவர்கள் ஒரு சிறுமரத்தையும் அதன் தமிழ்ப் பெயர்களையும் கையோடு கொண்டுபோகட்டும். 1697-இல் சொல் மட்டும் போயிற்று; இம்முறை பொருளும் சேர்ந்தே போகட்டும்.

அதற்குமுன் நம் வேலை ஒன்றுண்டு. அந்த முதியவர் எண்ணி முடிக்குமுன் மாலையாகிவிட்டது. மறுபடியும் வருகிறேன் என்று சொல்லி வந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகின்றேன். உங்களுள் யார் யார் உடன் வருகின்றீர்கள்? எழுதுகோலோடு வாருங்கள், சொற்பட்டியலோடு வேண்டா!