தொழிலை ஆள்பவர் யார்?

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூட்டுடைமை என்றால் என்ன, அது பிற பொருளியல் முறைகளினின்று எவ்வாறு வேறுபடுகின்றது என்பதே எனக்கிடப்பட்ட தலைப்பு. சோசலிசம் என்னும் சொல்லைக் கேளாதார் நம்மில் இலர். 1955-ஆம் ஆண்டு சனவரியில் நம் ஆவடியிலேயே பேராயக் கட்சி கூடி, சோசலிசப் பாங்கான குமுகாயமே தன் குறிக்கோள் என்று முடிவெடுத்தது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் இந்திய அரசியல் சட்டத்தின் முகப்புரையிலும் அச்சொல் ஏறியது. ஏறிய சொல்லுக்குப் பொருள் கேட்டால், ஏழைக்கு உதவுவது என்பார் ஒருவர்; அரசே தொழில்களையெல்லாம் நடத்துவது என்பார் இன்னொருவர். இரண்டும் அதன் பொருளல்ல என்பது என் துணிபு.

மொழியாசிரியன் ஆதலின் சொல்லினின்றே தொடங்குகின்றேன். பாவாணர் இதனைக் கூட்டுடைமை என்றே வழங்கினார். அச்சொல்லின் உயிர் ‘உடைமை’யில் இருக்கின்றது. ஈகையன்று, இரக்கமன்று, உடைமை. முதலை ஆள்பவன் முதலாளி என்றால், தொழிலை ஆள்பவன் தொழிலாளி ஆகவேண்டும். நடப்பில் காண்பதென்ன? எதனைச் செய்வது, எத்துணைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது, வரும் ஊதியத்தை எவ்வழியிற் செலவிடுவது ஆகிய எதனையும் அவன் ஆள்வதில்லை. (ஊதியம் என்று நான் கூறுவது, வள்ளுவர் ஆண்ட பொருளில், முதலுக்குமேல் வரும் மிகையை; திங்கட் சம்பளத்தையன்று.) முதலாளி முதலையும் ஆள்கின்றான், தொழிலையும் ஆள்கின்றான். அதுவே முதலாளியம். அங்கு உழைப்பவன் கட்டற்றவன்தான். எவனிடம் வேண்டுமாயினும் கூலிக்குப் போகலாம். எவனிடமும் போகாதிருக்க மட்டும் முடியாது.

ஏழைக்கு உதவுவதே கூட்டுடைமை என்பார் செருமனியின் கதையைப் பார்க்கவேண்டும். பிசுமார்க்கு 1878-இல் கூட்டுடைமையாளரின் அமைப்புகளையும் இதழ்களையும் ஒடுக்கச் சட்டமியற்றினார்; அச்சட்டம் 1890 வரை நின்றது. அதே பிசுமார்க்குதான் 1883-இல் தொழிலாளர்க்கு நோய்க் காப்பீட்டையும், 1889-இல் முதுமைக்கால ஓய்வுச் சம்பளத்தையும் வகுத்தார். ஒரு கையால் தடை, மறு கையால் உதவி! தொழிலாளரைக் கூட்டுடைமைப் பக்கம் சாயவிடாமற் காப்பதே இரண்டற்கும் கரணியம். பசித்தவனுக்குச் சோறிடுவதைப் பழிப்பவன் நானல்லன். ஆயினும் அச்சட்டங்களுக்கு முன்னும் பின்னும் ஆலை ஆலைக்காரனுடையதாகவே இருந்தது.

இனி, அரசுடைமையே கூட்டுடைமை என்னும் கருத்து. உருசியாவில் 1917-க்குப் பின் ஆலைகள் அரசின் கைக்கு வந்தன. 1928 முதல் ஐந்தாண்டுத் திட்டங்கள் ஓடின. 1991-இல் அந்த ஒன்றியமே கலைந்தது. அதுபற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. இங்கிலாந்தின் நிலக்கரிக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனைச் சற்று விரிப்பேன்.

அங்குத் தொழிற்கட்சி 1918-இலேயே, பொருள் ஆக்கும் கருவிகள் பொதுவுடைமை ஆகவேண்டுமென்று தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. (1995-இல் அவ்வாசகத்தை மாற்றிவிட்டது.) இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஆட்சிக்கு வந்து, 1947 சனவரி முதல் நாள் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. மக்கள் சார்பில் இனி நிலக்கரி வாரியமே நடத்தும் என்னும் பலகைகள் சுரங்க வாயில்களில் ஏறின. ஏறத்தாழ ஏழு இலக்கம் தொழிலாளர் மகிழ்ந்தனர். பழைய உடைமையாளர்க்கு இழப்பீடு மட்டும் 16 கோடிப் பவுனுக்கு மேல். வாரியத்தின் முதல் தலைவர் யார்? ஐண்டிலிப் பெருமகனார். அவர் அதுவரை தென்வேல்சின் பெருஞ் சுரங்க நிறுவனமான பவல் தப்ரினை நடத்திவந்த மேலாளர்! பலகை மாறியது; நாற்காலியில் அமர்ந்தவர் மாறவில்லை.

வாரியம் என்பது நம் பழஞ்சொல். உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரிவாரியமும் தோட்டவாரியமும் உண்டு. ஊரார் குடவோலை இட்டு எடுத்தவரே அவற்றில் அமர்ந்தனர். நிலமுடையார்க்கே அங்கும் இடம் என்பதை மறைக்கவேண்டா. ஆயினும் குடவோலை என ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் வாரியத்திலோ அமைச்சர் அமர்த்தியவரே அமர்ந்தார். கரி வெட்டியவனுக்கு ஓலையுமில்லை, குடமுமில்லை. அதனால்தான் 1984 மார்ச்சு முதல் 1985 மார்ச்சு வரை, சுரங்கங்களை மூடாதீர் என்று தொழிலாளர் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ‘மக்களின்’ வாரியமே அவர்களை எதிர்த்து நின்றது. தனக்குரிய பொருளை மூடாதே என்று ஒருவன் வேறொருவனிடம் கெஞ்சவேண்டியிருந்தால் அப்பொருள் அவனுடையதா? 1994-இல் எஞ்சிய சுரங்கங்களும் தனியார்க்கு விற்கப்பட்டன. விற்றவர் தொழிலாளரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கடப்பாடும் இல்லை, உடைமை அரசினுடையது.

அதே 1994-இல் தென்வேல்சின் ‘டவர்’ என்னும் சுரங்கத்தை, ஊதியம் தராது என்று கூறி அரசு நிறுவனம் மூடியது. அங்கு உழைத்தவருள் 239 பேர், வேலைநீக்கத்திற்கு ஈடாகக் கிடைத்த பணத்தினின்று ஆளுக்கு 8,000 பவுன் போட்டு அதனை வாங்கினர். 1995 சனவரி 2-ஆம் நாள் ஊர்வலமாகச் சென்று மீண்டும் சுரங்கத்தைத் திறந்தனர். உழைத்தவர்க்கெல்லாம் ஒத்த பங்கு. ஊதியம் தராது என்று தள்ளிய அச் சுரங்கம், வெட்டத்தக்க கரி தீரும்வரை, 2008 சனவரி வரை, பதின்மூன்று ஆண்டுகள் ஓடியது. அங்கே தொழிலாளி என்னும் சொல் தன் பொருளைப் பெற்றது.

இதுவே முழுக் கூட்டுடைமை என்று நான் கூறவில்லை. 239 பேர் தம் சுரங்கத்தை ஆண்டனர். கரியின் விலையையோ சந்தையையோ அவர்கள் ஆளவில்லை. எட்டாயிரம் பவுன் கையில் இல்லாதவன் என் செய்வான்? வங்கியும் மின்னாக்க நிலையமும் யாருடையவை? ஒரு சுரங்கத்தின் கூட்டுடைமை நாடு முழுதும் விரிய வேண்டுமாயின், ஊர்களும் தொழில்களும் கூடித் திட்டமிடும் அவையொன்று வேண்டும். அவ்வவையில் அமர்பவரை உழைப்பவரே தேர்ந்தெடுக்கவும், தவறினால் நீக்கவும் உரிமை வேண்டும். அவ்வுரிமை உருசியத் திட்டக்காரரிடமும் இல்லை, இங்கிலாந்து வாரியத்தாரிடமும் இல்லை. அத்தகைய அவையை எவ்வாறு அமைப்பது என்பது தனியே ஓர் உரைக்குரியது. அவைத்தலைவர் நேரமாயிற்று என்று மணியும் அடித்துவிட்டார்.