வள்ளி திருமணமும் முதலாமாண்டு வகுப்பும்



யாருடைய நினைவில் நாம் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் பகலில் தமிழாசிரியர். திருவிழாக் காலத்து இரவுகளில் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவருக்கு நினைவுச் சொற்பொழிவு என்றால் பேசவேண்டியது நாடகம்தான். நாடகத்தை ஒரு கலையாகக் கல்லூரியில் எங்கே தொடங்கிப் படிப்பது என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில்.

நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் மனோன்மணீயத்தில் தொடங்குகின்றன. 1891இல் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட அந்தக் கவிதை நாடகம், படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அங்கே தொடங்கும் மாணவனுக்கு, நாடகம் என்றால் ஆள் பெயர் போட்டு, இரண்டு புள்ளி வைத்து, வசனம் அச்சடித்த புத்தகம் என்று மனசில் பதிந்துவிடுகிறது. பாத்திரப் படைப்பை இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அதே பையன், அம்மா மடியில் தூங்கி விழித்து, கமுதிப் பக்கமோ முதுகுளத்தூர்ப் பக்கமோ விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவன். அவன் பார்த்ததுதான் இந்தப் பாடம் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

அந்த இரவில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். திருவிழா நோட்டீசில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஆளுக்கு ஆள் தனியாகத் தேதி கொடுத்து, தனியாக அட்வான்ஸ் வாங்கியவர்கள். இப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியே வரவழைத்துச் சேர்ப்பதால்தான் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒத்திகை கிடையாது. முகத்துக்கு அரிதாரம் பூசும்போதுதான் பல நேரம் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு மேடையேறி ஏழெட்டு மணி நேரம் தர்க்கம் செய்கிறார்கள், பாடுகிறார்கள், ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுகிறார்கள். நாடகம் விழுவதில்லை.

ஏன் விழுவதில்லை? முதலாமாண்டு முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்தே வகுப்பு நடத்தலாம். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் நெட்டுரு என்பது பாதி விடை. மீதி விடை மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வருகிற நடிகரின் சுருதி என்ன, எந்தப் பாட்டுக்கு எடுப்புக் கொடுக்க வேண்டும், தர்க்கம் இழுத்துக்கொண்டே போனால் எங்கே கட்டையை அழுத்தி அதை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பபூன் கேலிக்கு ஆள் தேடினால் பதில் சொல்வதும் அவரே. இயக்குநர் என்று நோட்டீசில் யார் பெயரும் இல்லை. ஆனால் இயக்கம் நடக்கிறது. நம் பெரியவர் இருபது வருஷம் செய்த வேலை இதுதான். பள்ளிப் பணிப்பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருந்திருக்காது.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதிய வசனமில்லாமல், கதைச்சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவரவருக்கென்று அமைந்த வேடத்தில் நடித்த குழுக்கள் இருந்தன. உலக அரங்க வரலாறு எழுதுகிறவர்கள் அதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்குவார்கள். அந்தக் குழுவினர் வருஷக்கணக்காகக் கூடவே வண்டியில் போனவர்கள். நம்மவர்கள் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். எது கடினம் என்று மாணவர்கள் யோசிக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடையை ஒழுங்குபடுத்த வந்தவர். வாய்க்கு வந்ததைப் பேசும் வழக்கத்தை நிறுத்தப் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்தார். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிக் கண்டிப்பாகப் பயிற்சி கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தாம். அவர் எழுதியது இன்று உயிரோடிருப்பதோ ஒத்திகையே இல்லாத மேடையில்.

அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்தியவர் நாடக நடிகர் விசுவநாததாஸ். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி எல்லாருக்கும் தெரியும். அங்கே வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு வந்ததும், எந்த வெள்ளையை விரட்டுகிறார்கள் என்று கொட்டகைக்குப் புரிந்துவிட்டது, போலீசுக்கும் புரிந்துவிட்டது. பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. ஏட்டில் உள்ள வள்ளி திருமணத்தை மட்டும் வாசிக்கிறவனுக்கு இதில் எதுவும் அகப்படாது.

நம் கடற்கரைக்கே உரிய இன்னொரு பிரதி இருக்கிறது: சீதக்காதி நொண்டி நாடகம். கீழக்கரை வள்ளலைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. நொண்டி நாடகங்களில் ஒரு திருடன் தாசியிடம் பொருளிழந்து, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கால் வெட்டுப்பட்டு, கடைசியில் இறையருளால் கால் பெறுவான். கீழக்கரை நொண்டிக்கு அந்த அருள் மக்காவில் கிடைக்கிறது. கதை முழுவதையும் ஒற்றை ஆள், ஒற்றைக் காலில் நின்று சொல்ல வேண்டும். இதை இலக்கிய வரலாற்றில் சிற்றிலக்கியம் என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். ஒரு மாணவனை எழுப்பி, காலை மடித்துக் கட்டிப் பத்து நிமிஷம் கதை சொல்லச் சொல்லுங்கள். மூச்சும் தாளமும் எங்கே மாறுகின்றன என்று உடம்பே கற்றுக்கொடுக்கும்.

தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, கடலுக்கு அந்தப் பக்கம், நாடகமும் அரங்கியலும் பள்ளி உயர்தரத் தேர்வுக்கே ஒரு பாடம். நமக்கு இது உறைக்க வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடியதைச் சுருக்கினார், கூத்து ஆசான்களான அண்ணாவிமாரிடமே ஆட்டம் பழக்கினார். அவற்றில் இராவணேசனும் ஒன்று. இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. இராவணனைக் கொன்ற பாவம் தீர இராமன் லிங்கம் வைத்து வழிபட்ட தலம் என்பது நம் இராமேசுவரத்தின் புராணம். அக்கரைப் பிள்ளைகள் அந்த இராவணனையே துயர நாயகனாக நடுமேடையில் நிறுத்தினார்கள். ஒரே கதையை இரு கரையிலிருந்தும் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த ஊர்க் கல்லூரிக்குக் கிடைக்கும்?

புத்தகமே வேண்டாமா என்று தமிழ்த்துறைத் தலைவர் முகம் கேட்கிறது. வேண்டும் ஐயா, ஆனால் டேப்போடு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் சொல்கிறது. மூன்று வகைத் திரையும் சொல்கிறது. நம் கிராமங்களில் தொகுதி நிதியில் கட்டிய கலையரங்கங்களுக்குக் குறைவில்லை. போய் அளந்து பாருங்கள். நடிகர் உள்ளே வரவும் போகவும் வழி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலவற்றில் முன்னால் ஏறி முன்னாலேயே இறங்க வேண்டும். கல்வெட்டுக்கு மட்டும் நல்ல இடம் விட்டிருப்பார்கள்.

ஒரு சங்கடம் இருக்கிறது. நாடகம் நடப்பது பங்குனி, சித்திரையில். பருவத்தேர்வு வருவதும் அப்போதுதான். பல்கலைக்கழகத்தை நான் மாற்ற முடியாது. ஆகையால் மாணவர்களே, உங்களிடம் ஓர் இரவு மட்டும் கேட்கிறேன். கையில் நோட்டு வேண்டும், செல்போனில் படம் பிடிப்பது வேண்டாம். பபூன் பேசும்போது பெண்கள் பக்கம் யார் சிரிக்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மணிக்குத் தர்க்கம் சூடேறும்போது எத்தனை பேர் எழுந்து உட்கார்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரமாவது நடிகர்களை விட்டுவிட்டு ஆர்மோனியக்காரரின் கையை மட்டும் பாருங்கள்.

எந்த ஊர், என்றைக்கு என்று நோட்டீஸ் வந்ததும் உங்கள் ஆசிரியரிடம் சொல்லி அனுப்புகிறேன். பாய் கொண்டு வாருங்கள், பனி இறங்கும்; துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.