கடலடிக்குப் போன சோழனும் கனவு கண்ட ரோமனும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு, பாலோ, ஜொகூர்

ஜொகூர் ஆற்றின் தலைப்பக்கம் கருங்கல் கோட்டை ஒன்று இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து பெரும்படையோடு வந்த ஓர் அரசன் அதை வீழ்த்தினான். கோட்டையை ஆண்ட ராஜா சூலின் போரில் மாண்டான். அவன் மகள் ஒனாங் கியூவை வென்றவன் மணந்துகொண்டான். மலாய் அரசர்களின் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ தன் தொடக்கப் பகுதியிலேயே சொல்லும் கதை இது. கோட்டையின் பெயர் பிரதிக்குப் பிரதி மாறும். வந்த அரசனின் பெயரும் அப்படித்தான்: ஒன்றில் சூரான், இன்னொன்றில் சூலான், சில பிரதிகளில் ஒரே அரசன் தாத்தாவும் பேரனுமாக இரண்டு பேராகப் பிரிந்துவிடுகிறான். இடம் மட்டும் ஓரளவு நிலைத்து நிற்கிறது. பாலோவிலிருந்து தென்கிழக்கே, குளுவாங்கைத் தாண்டினால் வரும் லிங்கியூப் பகுதியைத்தான் நெடுநாளாகப் பலரும் காட்டிவந்திருக்கிறார்கள்.

தோட்டத்து மக்களுக்கு மதுரை வீரனைத் தெரியும். பொம்மியையும் வெள்ளையம்மாளையும் தெரியும். கப்பலேறி வந்த பாட்டன்மார் கையோடு கொண்டுவந்த கதை அது. ராஜா சூலான் கதையோ அவர்கள் வந்து இறங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பெயரில் சோழனின் எதிரொலி இருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முதலாம் ராஜேந்திரனின் கடற்படை 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. அவனுடைய மெய்க்கீர்த்தி, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வென்ற ஊர்களை வரிசையாக அடுக்குகிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், கடாரம் என்று. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், அவனுடைய யானைகளும் பெருஞ்செல்வமும் கைக்கு வந்ததையும் அது மறக்காமல் சொல்கிறது. வெற்றி பெற்றவன் வீட்டுக் கணக்கு அது. தாக்கப்பட்ட கரையில் அந்தப் படையெடுப்பை யார், எப்படி நினைவில் வைத்திருந்தார்கள்?

விடை 1612-இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஜொகூர் அரசவையில், கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பழைய ஹிகாயத்தை, அதாவது கதைநூலை, ‘செஜாரா மெலாயு’வாகத் திருத்தி எழுதும் பணி தலைமை அமைச்சரான பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னுரையில் அவருடைய மூதாதையர் வரிசை வருகிறது: தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று ஏறி, கடைசியில் மணி புரிந்தான் என்பவரிடம் போய் முடிகிறது. மணி புரிந்தான் தென்னிந்தியாவிலிருந்து மலாக்காவுக்கு வந்து, அங்கே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர். ஆக, ராஜா சூலானின் கதை நம் கைக்கு வந்திருப்பது, தென்னிந்திய மூதாதை ஒருவரைப் பெருமையோடு சொல்லிக்கொண்ட ஒரு மலாய் அமைச்சர் வழியாக.

அவர் அந்த அரசனை என்ன செய்கிறார் என்பதுதான் சுவையான பகுதி. ஜொகூர்க் கோட்டையை வென்ற கையோடு அவனைச் சீனாவைப் பிடிக்கக் கிளப்புகிறார். படை துமாசிக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை வருகிறது. செய்தி கேட்ட சீனத்து அரசன் ஒரு கப்பலை அனுப்புகிறான். கப்பல் நிறைய துருப்பிடித்த ஊசிகள், காய்த்த மரங்கள், பல்விழுந்த கிழவர்கள். சீனா எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிழவர்கள் சொல்கிறார்கள்: “நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள். இந்த மரங்களை விதையாகப் போட்டோம். இந்த ஊசிகள் அப்போது கை பருமன் இரும்புக் கம்பிகள்.” உலகை வென்ற வீரன் அதை நம்பித் திரும்பிவிடுகிறான். ஓர் அம்புகூட எய்யாமல், ஒரு சாக்கு ஊசியால் பேரரசனை மடக்கிவிட்டார் கதைசொல்லி!

தரையில் போக இடமில்லாதவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்குகிறான். அங்கே ஒரு நாடு, ஓர் அரசன், அவனுக்கு மஹ்தாபுல் பஹ்ரி என்ற மகள். திருமணம் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். மனைவி மக்களை விட்டுவிட்டுக் கடற்குதிரை ஏறிக் கரை சேர்கிறான் நாயகன். கண்ணாடிப் பெட்டி அலெக்சாந்தர் கதைகளிலிருந்து வந்தது. அது பாரசீகம், அரபு வழியாக உலகம் சுற்றிய சரக்கு. மலாய்க் கதையும் அலெக்சாந்தரையும் சூலானையும் ஒரே வம்சத்தில் சேர்த்துவிடுகிறது. பிறகு அந்த வம்சத்து மூன்று இளைஞர்கள் பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். அன்றிரவு வான் எம்போக், வான் மாலினி என்ற இரு கைம்பெண்களின் நெல்வயல் பொன்னாய் மின்னுகிறது. மலாக்கா, ஜொகூர் சுல்தான்களின் வம்சாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உலகின் மறுகோடியில், வேல்ஸ் மலைநாட்டில், இதேபோல் ஒன்று நடந்திருக்கிறது. ஸ்பெயினில் பிறந்த ரோமத் தளபதி மேக்னஸ் மேக்ஸிமஸ். 383-இல் பிரிட்டனிலிருந்த படை அவனைப் பேரரசனாக அறிவித்தது. அவன் அந்தப் படையோடு கடல் தாண்டிப் போய்ப் பேரரசன் கிரேஷியனை வீழ்த்தினான். 388-இல் வட இத்தாலியின் அக்விலேயாவில் கொல்லப்பட்டான். வேல்ஸுக்கு அவனால் நன்மை ஏதும் வந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் 14-ஆம் நூற்றாண்டின் வெல்ஷ் ஏடுகளில், இன்று ‘மாபினோகியன்’ என்று வழங்கும் கதைத் தொகுதியில், அவன் மாக்ஸென் உலெடிக் ஆகிவிடுகிறான். வேட்டைக்குப் போய் நடுப்பகலில் தூங்குபவன் கனவு காண்கிறான்: ஆறு, கப்பல், ஒரு தீவு, கோட்டைக்குள் பொன் இருக்கையில் ஒரு பெண். விழித்தபின் வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. தூதர்கள் தேடிப் போய் இன்றைய கைர்நார்வான் ஊரில் அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். பெயர் எலென். “பேரரசனுக்கு என்மேல் ஆசையென்றால் அவர் இங்கே வரட்டும்” என்கிறாள். அவன் வருகிறான். அவள் கேட்டது தந்தைக்குப் பிரிட்டன் தீவும், தனக்கு மூன்று கோட்டைகளும். பிறகு கோட்டைகளை இணைக்கச் சாலை போடுகிறாள். வேல்ஸில் ரோமர் காலத்துச் சாலைகள் சிலவற்றுக்கு இன்றும் அவள் பெயர்தான். ஏழாண்டு கழித்து ரோமை மீட்கப் போன மாக்ஸெனால் அது முடியவில்லை. எலெனின் அண்ணன் தம்பிகள் வந்து பிடித்துக் கொடுக்கிறார்கள். ரோமப் பேரரசே வெல்ஷ் மச்சினர்கள் போட்ட பிச்சை என்று கதை முடிந்துவிடுகிறது.

மாக்ஸெனை மூதாதையாகக் காட்டிய வெல்ஷ் அரச குலங்கள் உண்டு. பொவிஸ் அரசர்கள் 9-ஆம் நூற்றாண்டில் நட்ட கல்தூணிலேயே அவன் பெயர் இருந்தது. 1983-இல் டாவித் இவான் எழுதிய ஒரு பாட்டு அவனை மீண்டும் அழைத்துவந்தது. 2022 உலகக்கோப்பையில் வேல்ஸ் கால்பந்து அணி அதையே தன் பாட்டாக்கிக்கொண்டது.

மேடைகளில் ராஜா சூலானைக் ‘கடாரம் கொண்ட’ பெருமைக்குச் சாட்சியாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அது கதையைத் தலைகீழாகப் பிடிப்பது. மெய்க்கீர்த்தியில் இருப்பவன் தமிழரின் ராஜேந்திரன். ‘செஜாரா மெலாயு’வில் இருப்பவன் மலாய்க்காரர்களின் சூலான். படையெடுத்து வந்தவனை அவர்கள் மாப்பிள்ளையாக்கி, ஏமாற்றி, கடலில் இறக்கி, கடைசியில் தங்கள் அரசர்களுக்கு முன்னோன் ஆக்கிக்கொண்டார்கள். ரோமனுக்கு வெல்ஷ்காரர்கள் செய்ததும் இதுதான். இரு இடத்திலும் பெண் வழியாகத்தான் அந்நியன் உள்ளே வருகிறான். ஆனால் எலென் பேசுகிறாள், நிபந்தனை போடுகிறாள். ஒனாங் கியூ வாய் திறப்பதே இல்லை.

ஜொகூரில் பேசும் பெண் வேறொருத்தி. அவள் இருப்பது பாலோவுக்கு மேற்கே, 1,276 மீட்டர் உயர லேடாங் மலையில். மலாக்கா சுல்தான் மஹ்மூட் பெண்கேட்டு ஆளனுப்பியபோது அந்த மலை இளவரசி கேட்ட சீர்: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தாம்பாளம் கொசு ஈரல், ஏழு தாம்பாளம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் ஈரல், ஒரு தாழி இளம்பாக்கு நீர், ஒரு தாழி கண்ணீர், ஒரு கிண்ணம் அரசன் இரத்தம், ஒரு கிண்ணம் அரசன் மகனின் இரத்தம். வேல்ஸிலும் இப்படியொரு பட்டியல் உண்டு. ஓல்வெனை மணக்க வரும் குல்ஹூக்கிடம் அவள் தகப்பன், அரக்கன் இஸ்படாடென், நாற்பது வரை செய்ய முடியாத வேலைகளை அடுக்குகிறான். ஆர்தரும் அவன் கூட்டாளிகள் கேயும் பெத்வீரும் ஓடி ஓடி முடிக்கிறார்கள். த்ரூக் த்ரூய்த் என்ற காட்டுப்பன்றியை அயர்லாந்திலிருந்து கார்ன்வால் வரை விரட்டி, அதன் காதுகளுக்கு நடுவிலிருந்த சீப்பைப் பிடுங்குகிறார்கள். அங்கே வேலை முடிந்தால் கல்யாணம். லேடாங் மலையில் பெண்ணே பேசுகிறாள், வேண்டாம் என்பதை அந்தப் பட்டியலால் சொல்கிறாள். சுல்தான் மற்றதெல்லாம் தருவேன், மகனின் இரத்தத்துக்கு மட்டும் மனம் வராது என்று விட்டுவிடுகிறான். ஆர்தர் கதையின் பெரும் வேட்டையைவிட இந்தத் தோல்வி உயர்ந்த கதை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரு பக்கமும் கதையை நம்பித் தேடியவர்கள் உண்டு. 1966 முதல் 1970 வரை லெஸ்லி ஆல்காக் தென்மேற்கு இங்கிலாந்தின் கேட்பரிக் குன்றில் அகழ்ந்தார். ஆர்தர் காலத்தை ஒட்டிய பெரிய அரண் கிடைத்தது, ஆர்தர் கிடைக்கவில்லை. ஜொகூர்க் காட்டில் கருங்கல் நகரம் இருக்கிறது என்ற செய்தி 2005-இல் மலேசிய நாளிதழ்களைக் கலக்கியது. அடுத்த ஆண்டே அப்படி எதுவும் இல்லை என்று அரசுத் தரப்பு கைவிரித்தது.

கல் கிடைக்காவிட்டாலும் வம்சக் கதைக்கு அரியணையில் மதிப்பு இருந்தது. வெல்ஷ் வழிவந்த ஏழாம் ஹென்றி 1485-இல் இங்கிலாந்தின் முடியைப் பிடித்ததும், மறு ஆண்டு பிறந்த மகனுக்கு ஆர்தர் என்று பெயர் வைத்தார். ஜொகூரில் சூலான் வம்சத்தின் கடைசி அரசர் இரண்டாம் மஹ்மூட் 1699-இல் கோத்தா திங்கியில் கொல்லப்பட்டார். அரண்மனைப் பலாச்சுளை ஒன்றைத் தின்ற கர்ப்பிணியின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார் என்றும், அவள் கணவனே பழிதீர்த்தான் என்றும் மக்கள் சொல்வார்கள். பெண்டஹாரா அப்துல் ஜலீல் சுல்தானானார். ஆனால் 1718-இல் சுமத்ராவிலிருந்து ராஜா கெச்சில் என்பவர் படையோடு வந்தார். தான் மஹ்மூட் இறந்தபின் பிறந்த மகன் என்றார். அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது, ஜொகூரின் தலைநகர் அவர் கைக்குப் போயிற்று. 1722-இல் புகிஸ் வீரர்கள் அவரை விரட்டி, அப்துல் ஜலீலின் மகன் சுலைமானை அமர்த்தினார்கள். ராஜா கெச்சில் சியாக்கில் தனி அரசு அமைத்தார். அங்கே அவர் வழிவந்தவர்களும் அதே வம்சாவளியைத்தான் சொல்லிக்கொண்டார்கள்.