நான்கு லிட்டருக்கு எதற்குச் செம்புச் சுருள்?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு மால்ட்டில் தொடங்கும், ஹாப்ஸுக்குப் போகும், ஈஸ்ட்டில் முடியும். அடுப்பை அணைப்பதற்கும் ஈஸ்ட்டைப் போடுவதற்கும் நடுவே இருக்கும் கொஞ்ச நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கடைக்குப் போனால் காசைக் கரைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். கொதித்த மால்ட் சாற்றை ஆற்றுவதற்கென்றே செம்பிலும் எஃகிலும் பளபளவென்று சில்லர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 4 லிட்டர், மிஞ்சினால் 10 லிட்டர் காய்ச்சுகிறவருக்கு இவற்றில் எது வேண்டும் என்று இன்று பார்ப்போம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இது அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கான பேச்சு. பிரிட்டனில் இதற்கான உரிமக் கட்டாயம் 1963-இல் போயிற்று. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டு வழிவிட்டார். அப்படியும் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம்.

சாற்றை ஏன் ஆற்ற வேண்டும்? பாலுக்கு உறை ஊற்றிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொதிக்கிற பாலில் மோரை விட்டால் தயிர் கிடைக்காது. ஏல் வகை ஈஸ்ட்டுக்குச் சாறு 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். பாலை ஆற விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மால்ட் சாறு இனிப்பானது, காவலுக்கு அதில் இன்னும் சாராயம் ஊறவில்லை. 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் வேண்டாத கிருமிகளுக்கு அது விருந்து. இன்னொன்று, வெளிறிய மால்ட்டிலிருந்து டைமெத்தில் சல்பைடு என்ற பொருள் உண்டாகும். வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை அதற்கு. கொதிக்கும்போது ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்து மூடி வைத்தால் உண்டாவது நிற்காது, வெளியேறுவது நின்றுவிடும். ஹாப்ஸின் கசப்பும் 80 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். சட்டென்று குளிரவைத்தால் புரதம் திரிந்து அடியில் தங்கும், பீர் தெளியும்.

காரணங்கள் எல்லாம் சரிதான். இவற்றை வேதவாக்காக எடுத்துக்கொண்டால்தான் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். ஆஸ்திரேலியாவில் தண்ணீர்ப் பஞ்சத்தின் நடுவே காய்ச்சிய பலர் ஆற்றுகிற வேலையையே விட்டுவிட்டார்கள். கெட்டியான பிளாஸ்டிக் கேனில் சாற்றைச் சூடாகவே நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். அந்தச் சூடே கேனைச் சுத்திகரித்துவிடும். கசப்பு ஏறும் என்பதற்காக ஹாப்ஸ் போடும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிரஸ்ஸல்ஸில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் இன்னும் துணிச்சல். அகலமான ஆழமில்லாத செம்புத் தொட்டியில் சாற்றை ஊற்றி, குளிர்மாதங்களின் இரவுக் காற்றில் திறந்தே வைக்கிறார்கள். காற்றோடு வரும் காட்டு ஈஸ்ட்டுக்காகவே அப்படி. இரண்டும் எல்லாருக்கும் ஏற்றவையல்ல. ஆனால் விலையுயர்ந்த சில்லர் இல்லாவிட்டால் பீர் இல்லை என்கிற பேச்சு எடுபடாது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். தகட்டுச் சில்லரின் மூலம் பால் பண்ணை. பாலைச் சூடாக்கிச் சுத்திகரிக்க இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் 1923-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது, ஆலைகளுக்கு அற்புதமானது. வீட்டுக்கு விற்பதில் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்திருப்பார்கள், பிரிக்க முடியாது. ஹாப்ஸ் துணுக்கு உள்ளே மாட்டினால் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. குழாயிலும் பம்பிலும் தகடுகளுக்கு நடுவிலும் தங்கிப்போகிற சாறு 40 லிட்டரில் ஒரு பொருட்டல்ல, 4 லிட்டரில் அது வருத்தம். குழாய்க்குள் குழாயாக வரும் எதிரோட்டச் சில்லருக்கும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான்.

மிஞ்சுவது செம்புச் சுருள். பானைக்குள் இறக்கி, உள்ளே குழாய்த் தண்ணீரை ஓடவிடுவது. கொதி முடியக் கால் மணி இருக்கும்போது இறக்கிவிட்டால் தானே சுத்தமாகிவிடும். எஃகைவிடச் செம்பு இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், பொய்யில்லை. ஆனால் குழாயின் சுவர் மெல்லியது. வெப்பம் தயங்கி நிற்பது சுவரையொட்டி அசையாமல் கிடக்கும் சாற்றுப் படலத்தில். எஃகுச் சுருளை வைத்துக்கொண்டு கிளறுகிறவர், செம்புச் சுருளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறவரை முந்திவிடுவார்.

4 லிட்டருக்கு இந்தச் சுருள்கூட வேண்டாம் என்பேன். பாத்திரம் கழுவும் சிங்க் போதும். பானையின் கொள்ளளவு ஐந்து மடங்காகும்போது அதன் மேற்பரப்பு மூன்று மடங்குகூட ஆவதில்லை. அதனால் சின்னப் பானை தானாகவே வேகமாக ஆறும். ஐஸை எப்போது போடுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். கொதிநிலையிலிருந்து 20 டிகிரி வரை ஐஸை மட்டும் நம்பினால் 4 லிட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் தேவை. குழாய்த் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி 40 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ஐஸ் போட்டால் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஐஸை முதலிலேயே கொட்டுவது கொதிக்கிற பானைக்குத் தானம் செய்வதுதான். உள்ளே சாற்றையும் வெளியே தண்ணீரையும் கலக்கிக்கொண்டே இருந்தால் அரை மணிக்குள் வேலை முடியும்.

10 லிட்டருக்குப் போகிறவர் சுருள் வாங்கலாம். வாங்குவதற்கு முன் குழாய்த் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். எவ்வளவு நீளச் சுருளானாலும் அந்தத் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே சாற்றை இறக்காது. லண்டன் குளிர்காலத்தில் கவலையில்லை. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு; அங்கே இரட்டிப்பு நீளத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். ஒரு வாளி ஐஸ் தண்ணீரும், அதைச் சுருளுக்குள் சுற்றவிட ஒரு குட்டிப் பம்பும் உதவும். இல்லையென்றால் ஈஸ்ட்டை மாற்றுங்கள். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுகமாக வேலை செய்யும். வெப்ப நாட்டுக்காரர்களுக்கு அதைவிட மலிவான சில்லர் எனக்குத் தெரிந்து இல்லை.

சுருள்தான் என்று முடிவு செய்தால், ரப்பர் குழாய் செம்போடு சேரும் இணைப்பு பானையின் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். பானைக்கு நேர்மேலே இருந்தால், கிளிப் தளரும்போது காய்ச்சாத தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆறிய சாற்றில் விழும். சாறு கெட்டது வாரம் கழித்துத்தான் தெரியும், அப்போது பழி ஈஸ்ட்டின் மேல் விழும்.