இடுப்பு வலியும் இல்லத்தார் கடமையும்



வளைகாப்பு முடிந்து தாய்வீட்டிற்கு வந்திருக்கும் தமக்கையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் சிரித்துப் பேசுகிறவர், இரவில் படுக்கையில் புரளும்போது பல்லைக் கடித்துக் கொள்கிறார். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதலடி எடுத்து வைக்கிறார். ‘இடுப்பு வலிக்கிறது’ என்று சொன்னால், ‘பிள்ளை பெறுகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று பெரியவர்கள் விடை கூறுகிறார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

பெரியவர்கள் சொல்வது பொய்யன்று. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இத்தகைய வலி வருகிறது. ஆனால், பலருக்கும் வருவது என்பது வேறு. வாய் திறவாமல் பொறுத்தே தீரவேண்டும் என்பது வேறு. சளியும் பலருக்கு வருவதுதான். அதற்காக நாம் கஷாயம் வைத்துக் கொடுக்காமலா இருக்கிறோம்?

இவ்வலி ஏன் வருகிறது? இடுப்புக்கூடு ஒரே எலும்பன்று. இருபுறமும் இரண்டு இடுப்பெலும்புகள். பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு. முன்னால் இரண்டையும் இணைக்கும் குருத்தெலும்பு. இவற்றை உறுதியான நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. குழந்தை வெளிவர இடம் வேண்டுமென்று, கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டுகள் சற்றே நெகிழ்கின்றன. 1926ஆம் ஆண்டில் பிரடெரிக் ஹிசா என்ற அமெரிக்க அறிஞர் கினிப்பன்றிகளில் இந்நெகிழ்ச்சியை உண்டாக்கும் பொருளொன்று இருப்பதைக் கண்டறிந்தார். பின்னர் அதற்கு ரிலாக்சின் என்று பெயரிட்டார்கள். எனினும் வலிக்கு அது ஒன்றே காரணமன்று. வளரும் வயிற்றின் பாரம் முன்னே இழுக்கிறது, முதுகு வளைகிறது, தசைகள் களைத்துப் போகின்றன.

மூட்டு தளர்ந்த பெஞ்சு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நடுவில் அமர்ந்தால் தாங்குகிறது. ஓரத்தில் சாய்ந்தால் முனகுகிறது. இடுப்பின் நிலையும் அதுவே. பாரம் ஒரு பக்கமாக விழும்போதுதான் வலி மிகுகிறது. இந்த ஓர் உண்மையை அறிந்துகொண்டால் செய்ய வேண்டியவை தாமே விளங்கும்.

ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றலாகாது, உட்கார்ந்து மாற்றலாம். தண்ணீர்க் குடத்தையோ மூத்த குழந்தையையோ ஒரு பக்க இடுப்பில் சுமக்கலாகாது. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து ஏறுவது நல்லது. உறங்கும்போது ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும் வயிற்றின் கீழ் ஒரு சிறு தலையணையும் வைத்துக்கொள்ளலாம். புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, உடல் முழுவதையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் இடுப்பில் இதமான ஒத்தடம் கொடுக்கலாம். அதற்காக நாள் முழுவதும் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வலி பொறுக்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக நடப்பது நன்மையே. பிசியோதெரபி நிபுணர் கற்பிக்கும் பயிற்சிகளும், இடுப்புக்கு அணியும் பட்டையும் பலருக்கு உதவுகின்றன.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூபென், டைக்ளோபினாக் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்திற்கும் இதயத்தை ஒட்டிய இரத்தக் குழாய்க்கும் தீங்கு செய்யக்கூடும். எந்த மருந்தும் மருத்துவரைக் கேட்ட பின்பே.

‘சகஜம்’ என்ற சொல் ஆபத்தாக மாறும் நேரமும் உண்டு. வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்து வயிறு இறுகினால், அதுவும் 37 வாரம் நிறையும் முன்னே வந்தால், அது பிரசவ வலியாக இருக்கலாம். இரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை, காலை ஊன்றவே முடியாமை இவற்றுள் எது தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் மாணவர்களாகிய உங்களிடம் ஏன் சொல்கிறேன்? மருத்துவர் மாதத்தில் சில நிமிடங்களே அவரைப் பார்க்கிறார். நீங்களோ நாள் முழுவதும் உடனிருக்கிறீர்கள். குடத்தை வாங்கிக்கொள்ளும் கை உங்களுடையதாக இருக்கலாம். மேலும் ஒரு தலையணையைத் தேடிக் கொண்டு வருவது உங்களுக்கு ஒரு நிமிட வேலை; அவருக்கோ அது ஓர் இரவின் உறக்கம். அனைத்திற்கும் மேலாக, ‘வலிக்கிறது’ என்று அவர் சொல்லும்போது, ‘எங்கே, எப்போதிருந்து?’ என்று கேட்கின்ற ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.