எறிபாதை ஒப்பீடு: தேவனாம்பட்டின ராபின்ஸ் முதல் இன்றைய தோட்டா வரை

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க முறையில் முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1751 ஜூலையில் அவர் காலமானார். கெட்டிக்கும் மருந்தையோ குண்டையோ மாற்றினால் எறிபாதை எப்படி மாறும் என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த ஆய்வுக்கு அடித்தளம் 1742-இல் வெளிவந்த அவரது பீரங்கியியல் நூல்.

ராபின்ஸின் கருவி ஓர் ஊசல்; அதன் முகத்தில் கனத்த மரப்பலகை. குண்டு பலகையில் பதிந்ததும் ஊசல் பின்னுக்கு ஆடும். அடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்து, எடைகளைக் கொண்டு வேகம் கணக்கிடப்பட்டது. மஸ்கட் குண்டின் வேகம் விநாடிக்கு 1,600 அடியைத் தாண்டியது. அந்த வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேல் என்பதும் தெரியவந்தது. கலிலியோவின் பரவளையம் வெற்றிடத்துக்கே பொருந்தும் என்பது இதனால் உறுதியானது.

ஒப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வாய்வேகம். குழலை விட்டு விநாடிக்கு 800 மீட்டரில் ஒரு குண்டும் 850 மீட்டரில் மற்றொன்றும் புறப்படுவதாகக் கொள்ளலாம். காற்றுத்தடையை ஒதுக்கினால், 300 மீட்டரில் முதலாவது 69 செ.மீ., இரண்டாவது 61 செ.மீ. தாழும், வேறுபாடு 8 செ.மீ. இரண்டையும் 100 மீட்டரில் இலக்குக்குச் சரிசெய்துகொண்டால் வேறுபாடு 5 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். சரிசெய்த தொலைவைக் குறிப்பிடாத தாழ்வுக் கணக்கால் பயனில்லை.

அடுத்தது எறிபாதைக் கெழு (ballistic coefficient). எடை, விட்டம், வடிவம் மூன்றும் சேர்ந்து, ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுத் தரும் எண் அது. தட்டை அடியுள்ள ஜி1, படகு அடியுள்ள ஜி7 என மாதிரிகள் பல. ஒரு குண்டுக்கு ஜி1 எண்ணையும் மற்றதற்கு ஜி7 எண்ணையும் வைத்து ஒப்பிட்டால் முடிவு பிழையாகும்.

பக்கக்காற்றில் குண்டு விலகும் அளவு, வெற்றிடத்தில் பிடிக்கும் நேரத்தைவிடக் காற்றில் எவ்வளவு கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் மெதுவாகப் புறப்படும் கனத்த நீண்ட குண்டு, விரைந்து புறப்படும் இலேசான குண்டைவிடக் குறைவாக விலகக்கூடும். மரக்காணம் உப்பளக் கரையில் காலையில் கரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று. இங்கே ஒரு கெட்டிப்பை (மருந்தும் குண்டும் சேர்ந்த ஒரு சேர்க்கையை) காலையிலும் மற்றதைப் பிற்பகலிலும் சுட்டால், தெரிவது காற்றின் வேறுபாடே.

காற்றின் அடர்த்தியும் ஊருக்கு ஊர் மாறும். 1903-இல் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்ட நீலகிரி அரவங்காட்டில் காற்றின் அடர்த்தி இக்கடற்கரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. மருந்தின் வெப்பநிலை ஏறினால் பெரும்பாலும் வாய்வேகமும் ஏறும்.

ஒரே கெட்டிப்பின் தோட்டாக்களும் ஒரே வேகத்தில் புறப்படுவதில்லை. இரண்டு கெட்டிப்புகளின் சராசரி வேறுபாடு ஒவ்வொன்றின் சிதறலைவிடச் சிறிதானால், ஒன்றிரண்டு சூடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்கு மாறானது; ஆகவே சோதனைகள் உரிமம் பெற்ற இடங்களுக்கே உரியவை. அங்கே தயாராகும் ஒப்பீட்டு அட்டவணையில் வாய்வேகம், அதன் சிதறல், எறிபாதைக் கெழுவும் அதன் மாதிரியும், சரிசெய்த தொலைவு, காற்றின் அழுத்தமும் வெப்பநிலையும் இடம்பெற வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் இரு பாதைகளை அருகருகே வைத்து முடிவு சொல்ல முடியாது.