ஃபியூஸ் போனால் சில்வர் பேப்பர் வேண்டாம்

(பைக் பராமரிப்புப் பயிற்சி நாளில் பேசியது)



நம் வீடுகளில் பலருக்குப் பைக்தான் பிழைப்பு. அது நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். அந்த அவசரத்தில்தான் நாம் தப்புச் செய்கிறோம்.

போன மழைக்காலத்தில், வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தம்பி எங்கள் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரே வாரத்தில் மூன்று ஃபியூஸ் மாற்றியிருக்கிறார். நாலாவது தடவை சாக்லேட் சுற்றிய சில்வர் பேப்பரை மடித்துச் செருகிவிட்டார். வண்டியும் ஓடியிருக்கிறது. நாங்கள் சீட்டைக் கழற்றிப் பார்த்தால், வயரின் உறை உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டிக் கிடக்கிறது. சற்றுத் தள்ளிப் பெட்ரோல் டேங்க். முதல் நாள் ராத்திரி அதே வண்டியில்தான் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிப் போனாராம்.

கோளாறு ஃபியூஸில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரில். உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்விகள் தளர்ந்து, ஈரத்தில் பச்சை பூத்திருந்தன. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், 10 ஆம்பியர் ஓடும்போது விரல்நுனி அளவு இடத்தில் 10 வாட் சூடு. அந்தச் சூட்டிலேயே ஃபியூஸ் உருகிப்போகும், பிளாஸ்டிக்கும் கருகும். சில்வர் பேப்பர் வைத்துவிட்டால், இரண்டு வயர் ஒட்டி ஷார்ட் ஆனாலும் மின்சாரத்தை நிறுத்த அங்கே ஆள் இல்லை.

சரிசெய்யும்போது முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் சேஸிஸில் பட்டால் பொறி பறக்கும். ஹோல்டரில் லேசான பச்சை மட்டும் என்றால் சுரண்டித் துடைத்து, கவ்வியை மூக்குக் குறடால் மெல்ல நெருக்கினால் போதும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுரண்டிப் பயனில்லை, புது ஹோல்டர்தான். பழைய வயரை வெட்டும்போது செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை பின்னால் போய் வெட்டுங்கள். அதே கனமுள்ள வயரைச் சேர்த்து சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. குலுங்கிக் குலுங்கி அதுவும் தளரும், பிறகு பழைய கதைதான்.

ஃபியூஸின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புத்தான். கடையில் அது இல்லையென்று மஞ்சளைப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

இவ்வளவு செய்தும் ஃபியூஸ் போனால் ஷார்ட் வேறெங்கோ இருக்கிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்தில் வயர் உரசியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு எங்களுக்குப் பிடித்த நேரம் முக்கால் மணி. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வேலைக்குப் போய்விட்டார்.